"நம்ம குரூப்ல வந்ததுதானே சார்?": சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னை மாநகரின் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகள், மற்றும் அச்சங்கங்களின் வாட்ஸ்அப் குழு அட்மின்கள்.

பொருள்: வீட்டிலிருந்தே வேலை என்ற பெயரில் நம் குழுக்களுக்குள் நுழையும் மோசடி விளம்பரங்கள் குறித்து.

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

வில்லிவாக்கத்தில் அறுபத்து நான்கு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச் சங்கத்துக்கு நான்கு ஆண்டுகளாக நான் செயலாளர். தண்ணீர் லாரி, லிஃப்ட் பழுது, மெயின்டனன்ஸ் பாக்கி ஆகியவற்றைப் பேசுவதற்காகத் தொடங்கப்பட்ட எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் நானே அட்மின். அதற்கு முன் ஒரு பொதுத்துறை வங்கியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றினேன். அதில் பெரும்பகுதி கவுண்டருக்குப் பின்னால் கழிந்தது. பண மோசடியைப் பற்றி எதுவும் தெரியாத அப்பாவி என்று நான் ஒதுங்கிக்கொள்ள வழியில்லை என்பதற்காகவே இதை முதலில் எழுதுகிறேன். ஏனென்றால் இந்த மடல் என் தவறிலிருந்துதான் தொடங்குகிறது.

சென்ற ஆடி மாதம் எங்கள் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. வீட்டிலிருந்தபடியே நாளுக்கு இரண்டு மணி நேர வேலை, இல்லத்தரசிகளுக்கும் ஓய்வுபெற்றோருக்கும் முன்னுரிமை, நாள் வருமானம் ரூ.1,500 முதல் ரூ.5,000 வரை, இருபது இடங்கள் மட்டுமே. எங்கள் குடியிருப்பில் எல்லோரும் மதிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் கோயில் கமிட்டிக் குழுவில் வந்ததை அப்படியே ஃபார்வர்டு செய்திருந்தார். அதற்குக் கீழே "பயனுள்ள தகவல், நன்றி" என்று எழுதியவன் நான். முழுதாகப் படிக்கக்கூட இல்லை. மோட்டார் ஓடவில்லை என்று இரண்டு வீட்டிலிருந்து புகார் வந்துகொண்டிருந்த காலை நேரம். மரியாதைக்கு ஒரு வரி எழுதிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

பதினெட்டு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, பி பிளாக்கில் குடியிருக்கும் பெண்மணி ஒருவர் கையில் ஒரு நோட்டுடன் என் வீட்டு வாசலில் நின்றார். கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒன்றரை லட்சத்துக்கு மேல் போய்விட்டது என்று சொல்லிவிட்டு அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நம்ம குரூப்ல வந்ததுதானே சார்? நீங்ககூட நல்ல தகவல்னு போட்டிருந்தீங்களே?"

நான் வங்கியில் சேர்ந்த காலத்தில், ஆதாரும் கேஒய்சியும் வருவதற்கு முன், புதிதாகக் கணக்குத் தொடங்க வருபவர் ஏற்கெனவே அந்தக் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒருவரை அழைத்து வந்து, விண்ணப்பத்தில் அறிமுகக் கையொப்பம் போட வைக்க வேண்டும். "இவரை எனக்கு இத்தனை காலமாகத் தெரியும்" என்று எழுதிக் கையெழுத்திடுவதற்கு முன் பலர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். சொந்த மைத்துனருக்கே போட மறுத்தவர்களும் உண்டு. இன்று நம் குழுக்களில் ஒரு விளம்பரத்தை ஃபார்வர்டு செய்வதும், அதற்குக் கட்டைவிரல் உயர்த்துவதும், என்னைப்போல் ஒரு நன்றி வரி எழுதுவதும் அதே அறிமுகக் கையொப்பம்தான். முன்பின் அறியாத எண்ணிலிருந்து நேரே வந்திருந்தால் அந்தப் பெண்மணி அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். ஆசிரியர் அனுப்பி, செயலாளர் ஆமோதித்ததால் திறந்தார். குழுவில் ஓர் உறுப்பினர் போடும் பதிவுக்கு அட்மின் குற்றவாளி ஆகமாட்டார் என்று 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் என்னை விட்டுவிடும். பி பிளாக் படிக்கட்டில் எதிரே வருகிறவரின் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகளின் ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில், பென்சிலால் கோடு போட்டு, தேதி, வேலை, போட்டது, வந்தது என்று நான்கு பத்திகளாக அவர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். எங்கள் கிளையில்கூட இவ்வளவு ஒழுங்காகப் பேரேடு எழுதியவர்கள் குறைவு. முதல் நாள் மூன்று யூடியூப் வீடியோக்களுக்கு லைக் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார், ஒவ்வொன்றுக்கும் ரூ.150 வீதம் ரூ.450 உடனே கணக்கில் விழுந்தது. மறுநாள் டெலிகிராமுக்கு வரச் சொன்னார்கள். அங்கே "ப்ரீபெய்டு டாஸ்க்" என்று ஒன்று, அதாவது முதலில் நாம் பணம் போட்டுச் செய்யும் வேலை, ரூ.1,000 போட்டார், ரூ.1,300 திரும்ப வந்தது. ரூ.3,000 போட்டார், ரூ.3,900 வந்தது. அதற்குப் பிறகு "வந்தது" என்ற பத்தி காலியாகவே இருக்கிறது. ரூ.9,800, ரூ.28,500, ரூ.46,000 என்று ஏறி, கடைசி வரியில், வெள்ளிக்கிழமை இரவு, ரூ.72,000. அந்தக் கடைசித் தொகைக்கு இரண்டு வளையல்களை அடகு வைத்திருக்கிறார். பக்கத்தின் அடியில் "வர வேண்டியது 2,31,400" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். அவர்கள் கொடுத்த வலைத்தளத்தில், அவர் பெயருக்கு நேரே, அந்தத் தொகை அன்றும் பச்சை எழுத்தில் தெரிந்துகொண்டிருந்தது.

கூட்டிப் பார்த்தேன். அவர் போட்டது ரூ.1,60,300, வந்தது ரூ.5,650. தொடக்கத்தில் அவருக்கு உண்மையாகவே கிடைத்த லாபம் ரூ.1,650. தூண்டிலில் குத்திய புழுவின் விலை அவ்வளவுதான்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. ஆறு முறை பணம் போட்டிருக்கிறார். ஆறும் ஆறு வெவ்வேறு கணக்குகளுக்கு. ஒன்று ஏதோ டிரேடர்ஸ், ஒன்று ஏதோ எண்டர்பிரைசஸ், மற்ற நான்கும் தனிமனிதர் பெயர்கள். சம்பளம் கொடுக்கும் கம்பெனிக்கு ஆறு நாளில் ஆறு கணக்கு எதற்கு? வங்கியில் இருந்தவனுக்கு இது பார்த்த மாத்திரத்தில் புரியும். கல்லூரி மாணவர், வேலையில்லாதவர், அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டவர் ஆகியோரிடம் சிறு தொகை கொடுத்து வாங்கிய வாடகைக் கணக்குகள் இவை; உள்ளே வந்த பணம் சில நிமிடங்களில் அடுத்த கணக்குக்குப் போய்விடும். அவருக்குத் திரும்ப வந்த பணமும் மோசடிக்காரர்களின் சொந்தப் பணம் இல்லை. அந்த ரூ.3,900 வேறோர் ஊரில் வேறொருவர் தம் "டாஸ்க்"குக்காகப் போட்ட பணம். மூன்று வாரம் கழித்து, வேறொரு மாநிலக் காவல்துறையின் கடிதத்தின் பேரில் இவருடைய கணக்கிலேயே ரூ.3,900-க்கு லியன், அதாவது அந்தத் தொகையை எடுக்க முடியாதபடி முடக்கம், விழுந்தது. ஏமாந்தவரே இன்னொருவரின் புகாரில் பணம் பெற்றவராகப் பதிவாகியிருந்தார்.

ஆனால் அவரைக் கட்டிப்போட்டது பண ஆசை என்று நினைக்காதீர்கள். நோட்டின் மூன்றாம் பக்கத்தோடு என்னிடம் அவர் காட்டிய டெலிகிராம் உரையாடலைப் படித்த பிறகு இதை உறுதியாகச் சொல்கிறேன். ஐந்து பேர் கொண்ட ஒரு சிறு குழுவில் அவரைச் சேர்த்திருந்தார்கள். மற்ற நால்வரும் தமிழ்ப் பெண்களின் பெயர்களில் இருந்தார்கள். ஐந்து பேரும் டாஸ்க்கை முடித்தால்தான் எல்லோருடைய பணமும் வெளியே வரும் என்பது விதி. இவர் தயங்கியபோது அதிலிருந்த ஒருத்தி எழுதுகிறாள்: "அக்கா, ப்ளீஸ் சீக்கிரம் போடுங்க, உங்களால என் பணமும் நிக்குது, நாளைக்கு எங்க அம்மாவுக்கு ஆபரேஷன்." வளையல் அடகுக் கடைக்குப் போனது அந்த வரியைப் படித்த பிறகுதான். அந்த நால்வரும் அநேகமாக ஒரே ஆள்.

மத்திய உள்துறை அமைச்சகம் 2023 டிசம்பரில் இத்தகைய பகுதிநேர வேலை, முதலீட்டு மோசடிகளை நடத்திய நூற்றுக்கும் மேற்பட்ட வலைத்தளங்கள் முடக்கப்பட்டதை அறிவித்தபோது, ஓய்வுபெற்றோர், பெண்கள், வேலை தேடும் இளைஞர்கள் ஆகியோரே குறிவைக்கப்படுகிறார்கள் என்றும், வெளிநாட்டிலிருந்து இயக்கப்படும் இக்கும்பல்கள் பணத்தைக் கிரிப்டோ வழியாகவும் வெளிநாட்டு ஏடிஎம் வழியாகவும் எடுத்துவிடுகின்றன என்றும் சொன்னது. அந்த மூன்று தரப்பும் இருக்கும் இடம் எது? நம் குடியிருப்புகள்தாம். பகல் பதினொரு மணிக்கு நம் வளாகத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

டாஸ்க் மோசடி ஒன்றுதான் என்றில்லை. எங்கள் சம்பவத்துக்குப் பிறகு வெட்கத்தை விட்டுப் பேசியவர்கள் மூலம் வேறு சிலவும் தெரியவந்தன. அவற்றில் கொடுமையானது டேட்டா என்ட்ரி. முன்பணம் கேட்க மாட்டார்கள் என்பதால் பலர் இதை நம்பகமானதாக நினைக்கிறார்கள். முத்திரைத்தாளில் அச்சிட்ட ஓர் ஒப்பந்தத்தின் படத்தை அனுப்பி, ஆதார் நகலும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, ஐந்து நாளில் இத்தனை நூறு படிவங்களைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்து தர வேண்டும் என்பார்கள். இரவு பகலாகச் செய்து முடித்ததும் "துல்லியம் போதவில்லை, ஃபெயில்" என்று வரும். மறுநாளே வக்கீல் என்று ஒருவர் பேசுவார்: ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், கம்பெனிக்கு நஷ்டம், ஏழாயிரம் கட்டாவிட்டால் கோர்ட், போலீஸ், வாரண்ட். சி பிளாக்கில் கல்லூரி இரண்டாமாண்டு படிக்கும் ஒரு பெண், வீட்டுக்குத் தெரியாமல் இரண்டு தவணையாகக் கட்டியிருக்கிறாள். இந்த இடத்தில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதை எல்லோருக்கும் சொல்லுங்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, ஏமாற்றிப் பெறப்பட்ட சம்மதத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தத்தை, ஏமாற்றப்பட்டவர் செல்லாது என்று விலக்கிக்கொள்ளலாம். 74-ஆம் பிரிவின்படி, தாளில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும் நியாயமான ஈட்டுத்தொகைக்கு மேல் கேட்க முடியாது, அதையும் நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். தட்டச்சில் பிழை விட்டதற்காக இந்த நாட்டில் யாரையும் கைது செய்ய மாட்டார்கள். மிரட்டலுக்கு ஒரு ரூபாய் கட்டினால் அடுத்த மிரட்டல் உறுதி.

பென்சில் பேக்கிங், ஊதுபத்தி பேக்கிங் விளம்பரங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆவடி லோக்கல் ரயிலின் கைப்பிடிக் கம்பிக்குப் பக்கத்தில்கூட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. பெயர் பெற்ற கம்பெனியின் பெயரைச் சொல்லி, பதிவுக்கு ரூ.650, பிறகு ஐடி கார்டு, பிறகு கூரியர், பிறகு ஜிஎஸ்டி என்று வாங்கிக்கொண்டே போவார்கள். பென்சில் மட்டும் வராது. சற்று யோசித்தால் போதும்: பென்சிலை இயந்திரம் செய்து, இயந்திரமே பெட்டியில் போடும் காலத்தில், அதை லாரியில் ஏற்றி வில்லிவாக்கத்துக்கு அனுப்பி, பத்துப் பத்தாக எண்ணிப் போட்டதற்கு முப்பதாயிரம் சம்பளம் கொடுத்தால் அந்தப் பென்சிலை என்ன விலைக்கு விற்பது?

இன்னொன்று நான் மிகவும் அஞ்சுவது. "உங்கள் கணக்குக்கு எங்கள் வாடிக்கையாளர்களின் பணம் வரும்; இரண்டு சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்பினால் போதும்" என்று ஒரு வேலை. பேமென்ட் ஏஜென்ட், அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட் என்று அழகான பெயர்கள் இருக்கும். மேலே சொன்ன வாடகைக் கணக்குகள் இப்படித்தான் உருவாகின்றன. இதில் சேர்ந்தவர் பணத்தை இழப்பதில்லை. அதனால் புகாரும் கொடுப்பதில்லை. ஒரு நாள் கணக்கு முடங்கி, எங்கோ ஒரு மாநிலத்துக் காவல் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வரும்போதுதான் தாம் பார்த்த வேலை என்னவென்று அவருக்குத் தெரியும். உங்கள் குடியிருப்பில் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் இருந்தால், பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் கார்டு ஆகியவற்றை யாருக்கும் எந்தக் கமிஷனுக்கும் கொடுக்கக் கூடாது என்பதை அவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு சிறு விலகல். கம்பெனியின் ஆள்சேர்ப்பு அதிகாரி என்று சொல்லி நமக்குச் செய்தி அனுப்பும் அந்த "எச்ஆர்" யார் என்று யோசித்திருக்கிறீர்களா? 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: டிஜிட்டல் சேல்ஸ் வேலை என்று சொல்லித் தாய்லாந்துக்கு அழைக்கப்படும் இந்திய இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டுசெல்லப்பட்டு, அடைத்துவைக்கப்படுகிறார்கள் என்று. அங்குள்ள மியாவாடியிலிருந்து மீண்டு வந்தவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். மோசடிச் செய்தி அனுப்பும் விரல் சில சமயம் இன்னொரு வேலை மோசடியில் சிக்கியவருடையது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று எங்கள் குடியிருப்பில் கேட்டார்கள். கம்பெனிப் பதிவு எண்ணைச் சரிபார், ஜிஎஸ்டி எண்ணைத் தேடிப்பார் என்று சொல்வது வழக்கம். இதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மோசடிக்காரர்கள் உண்மையான கம்பெனியின் உண்மையான பதிவு எண்ணையே போடுகிறார்கள். தேடிப் பார்த்தவருக்கு நம்பிக்கை கூடத்தான் செய்கிறது. எண் இருக்கிறதா என்பதைவிட, அந்த எண்ணுக்கு உரிய கம்பெனியின் சொந்த வலைத்தளத்தில் உள்ள தொலைபேசியில் நாமே அழைத்து, இந்த ஆள் உங்களிடம் வேலை பார்க்கிறாரா என்று கேட்பதில்தான் பயன் இருக்கிறது. அதைவிட எளிய சோதனை, பணம் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்ப்பது. வேலைக்காரர் முதலாளிக்குப் பணம் கொடுக்கும் வேலை ஒன்றுகூட உலகத்தில் இல்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், திரும்பத் தரப்படும் செக்யூரிட்டி, வித்டிராயலுக்கு வரி என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். நேரில் வேண்டாம், குரலில்கூட வேண்டாம், டெலிகிராமில் தட்டச்சு செய்தே இன்டர்வியூ என்றால் நிறுத்திவிட வேண்டும். +62 என்று தொடங்கும் எண் இந்தோனேசியாவுடையது, +84 வியட்நாமுடையது. சென்னைக் கம்பெனியின் எச்ஆர் அங்கிருந்து எழுத வேண்டிய அவசியம் இல்லை. பணம் பெறுவதற்கு யுபிஐயில் பின் எண் போடத் தேவையே இல்லை என்பதை, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

பணம் போன பிறகு செய்ய வேண்டியதில் நேரம்தான் எல்லாம். 1930 என்ற எண் நாட்டுக்கே பொதுவான சைபர் மோசடி உதவி எண். 2021-இல் 155260 என்று தொடங்கப்பட்டுப் பின்னர் இப்படிச் சுருக்கப்பட்டது. அங்கே அழைத்தால், பணம் எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கிக்கு உடனே தகவல் போய், பணம் இன்னும் அங்கே இருந்தால் நிறுத்திவைப்பார்கள். அங்கிருந்து அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் தகவலும் பின்னாலேயே போகும். அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை தொகை, தேதி, நேரம், எந்தக் கணக்கிலிருந்து போனது, மற்றும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உரிய யுடிஆர் என்ற குறிப்பு எண். யுபிஐயில் அது பன்னிரண்டு இலக்கம். ஒப்புகை எண் கிடைத்ததும், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் முழு விவரத்தையும் பதிய வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இது எங்கள் நிலைய எல்லைக்குள் வராது என்று திருப்பி அனுப்ப முடியாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவும் இதற்குப் பொருந்தும்.

எங்கள் பெண்மணி வெள்ளி இரவு பணம் போட்டார். சனிக்கிழமை காலையே சந்தேகம் வந்துவிட்டது. கணவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்து, திங்கட்கிழமை என்னிடம் வந்தார். 1930-இல் பதிவு செய்து முடித்தபோது, ஆறு கணக்குகளில் ஒன்றில் ரூ.18,200 மட்டும் மிச்சமிருந்து நிறுத்தப்பட்டது. அதுவும் இன்னும் கைக்கு வரவில்லை, காத்திருக்கிறோம். வங்கி இழப்பீடு தராதா என்று பலர் கேட்கிறார்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த பரிமாற்றத்தை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சொன்னது உண்மை. ஆனால் இங்கே பின் எண்ணைப் போட்டவர் அவரே. அந்தப் பாதுகாப்பு இவருக்குக் கிடைக்காது என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கு நடுவில், சைபர் பிரிவிலிருந்து பேசுகிறேன், ரூ.2,500 கட்டினால் மொத்தப் பணத்தையும் மீட்டுத் தருகிறேன் என்று ஒருவன் அவரை அழைத்தான். நல்ல வேளையாக இம்முறை என்னிடம் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

அந்த இரண்டு நாள் தாமதத்துக்குக் காரணம் யார் என்று எண்ணிப் பார்க்கிறேன். செய்தி பரவியதும் எங்கள் குழுவில் வந்த முதல் பதில் "பேராசை பெருநஷ்டம்". இரண்டாவது, "படிச்சவங்களே இப்படின்னா?" காவல் நிலையத்திலும் எழுத்தர் ஏறக்குறைய இதையே கேட்டார். இப்படித்தான் கேட்பார்கள் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதனால்தான் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வாயைத் திறக்கவில்லை. நாம் பேசப்போகும் பேச்சுக்கு அஞ்சிய அந்த இரண்டு நாளில் பணம் எல்லை தாண்டியது. அவர் நோட்டின் முதல் பக்கத்தில், டாஸ்க் எதுவும் தொடங்குவதற்கு முன், "வேன் ஃபீஸ் 2,800, டியூஷன் 1,500, அம்மா மாத்திரை 900" என்று எழுதியிருந்தது. மாதம் ஐயாயிரத்து இருநூறு ரூபாய் வேண்டும் என்று கணக்குப் போட்டு வேலை தேடிய பெண்ணை எந்தப் பழமொழியில் அடக்குவீர்கள்? கைக்குழந்தையோடு, அல்லது படுக்கையில் இருக்கும் மாமியாரோடு, வீட்டை விட்டு நகர முடியாத பெண்களுக்கு இந்த நகரத்தில் கௌரவமான வேலை அரிது. பிளவுஸுக்கு ஊக்கு தைத்தும் சரம் தொடுத்தும் எவ்வளவு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்று நினைத்தது பேராசை ஆகாது.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். உங்கள் குழுவில் வேலை விளம்பரங்களை முற்றாகத் தடை செய்யச் சொல்லவில்லை. எங்கள் வளாகத்திலேயே இரண்டு பேருக்கு நல்ல வேலை குழுவின் மூலம் கிடைத்திருக்கிறது. பழைய அறிமுகக் கையொப்பத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறேன். விளம்பரம் போடுபவர், "இந்த நிறுவனத்தில் நானோ எனக்கு நேரில் தெரிந்த இன்னாரோ வேலை பார்த்துச் சம்பளம் வாங்கியிருக்கிறோம்" என்று தம் பெயரும் வீட்டு எண்ணும் போட்டு எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால், போட்டவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அட்மின் அதை எல்லோருக்குமாக அழித்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் அட்மினுக்கு அந்த வசதி உண்டு. எங்கள் ஆசிரியரிடம் இதைச் சொல்லப் போனபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் இரவு தூங்கவில்லை என்று அவர் மனைவி சொன்னார். விதியை எழுதித் தந்ததே அவர்தான்.

1930 என்ற எண்ணையும் யுடிஆர் விவரத்தையும் குழுவின் உச்சியில் எப்போதும் தெரியும்படி "பின்" செய்து வையுங்கள். குழுவோடு நிறுத்தாமல் லிஃப்டிலும் வாட்ச்மேன் அறையிலும் தமிழில், பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், ஏனென்றால் நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களும் செக்யூரிட்டி ஊழியர்களும் நம் குழுவில் இல்லை. அவர்களிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது, அவர்களுக்கும் இதே செய்திகள் வருகின்றன. முன்பின் தெரியாதவர்கள் குழுக்களில் சேர்க்க முடியாதபடி, வாட்ஸ்அப் பிரைவசி அமைப்பில் "என் தொடர்புகள் மட்டும்" என்று மாற்றுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வயதானவர்களுக்கு உதவுங்கள்; எங்கள் வளாகத்தில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் ஒரே காலையில் முப்பது போன்களுக்குச் செய்து கொடுத்தார்கள். சந்தேகமான அழைப்புகளையும் செய்திகளையும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் பணம் போவதற்கு முன்பே தெரிவிக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு பெண்ணை, ஆம், பெண்ணையே, இதற்கென நியமியுங்கள். இரவு பத்து மணிக்கும் கதவைத் தட்டி "எனக்கு இப்படி ஆகிவிட்டது" என்று சொல்லக்கூடியவராக, சொன்னவரிடம் ஏன் நம்பினாய் என்று கேட்காமல் யுடிஆர் எண் எங்கே என்று கேட்பவராக அவர் இருக்க வேண்டும்.

அந்த நோட்டின் நான்கு பக்கங்களை, பெயர்களையும் கணக்கு எண்களையும் மறைத்து, நகலெடுத்துக்கொள்ள அந்தப் பெண்மணி அனுமதித்திருக்கிறார். உங்கள் பொதுக்குழுக் கூட்டத்தில் காட்ட விரும்பினால் நானே கொண்டுவருகிறேன்; ஞாயிறு காலையாக இருந்தால் எனக்கு வசதி.

இப்படிக்கு,
ஒரு குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்,
வில்லிவாக்கம், சென்னை - 49